ஜூன் மாதத்துத் தாள்

மேகமலையில் ஒரு தேயிலைச் சரிவைப் பார்த்து எங்கள் புகைப்படக்காரர், "கொஞ்சம் சிரிங்க" என்றார். சாத்தூரில் கல்யாணங்களுக்குப் படமெடுக்கிறவர். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனால் அந்தச் சொல் தானாக வந்துவிடும். காலை ஏழு மணி. சரிவில் ஆள் யாரும் இல்லை. தேயிலைக்கு மேல் முழங்கால் உயரத்துக்குப் பனி நின்றுகொண்டிருந்தது.

"மலை சிரிச்சிருச்சு தம்பி, எடுங்க" என்றாள் என் தங்கை.

நான் காரின் முன்பக்கத்தில் நோட்டை விரித்து இடத்தையும் நேரத்தையும் எழுதினேன். மதுரையில் ஒரு நாளிதழில் படங்களுக்குக் குறிப்பு எழுதுவதே என் வேலையாகப் பல ஆண்டுகள் இருந்தது. எங்கே, எப்போது, யார், என்ன. இந்த நான்கும் இல்லாத படத்தை என் மேசை தாண்ட விட்டதில்லை. அதனால்தான் தங்கை என்னைக் கூப்பிட்டிருந்தாள். அதோடு, கார் ஓட்ட ஆள் வேண்டும்.

அவளுக்குச் சிவகாசியில் சிறிய அச்சகம் ஒன்று இருக்கிறது. மெஷினை அவள் கணவர் பார்த்துக்கொள்வார். கம்ப்யூட்டரில் வடிவமைப்பதும் ஆர்டர் பிடிப்பதும் அவள். பட்டாசுப் பெட்டி லேபிள், தீப்பெட்டி லேபிள், மற்றவர்களுடைய காலண்டர்கள் என்று பதினைந்து வருடமாக அடுத்தவர் சரக்கை அச்சடித்துக் கொடுத்தவள். அந்த ஆண்டுதான் சொந்தமாக ஓர் ஆல்பம் போடுவது என்று முடிவெடுத்திருந்தாள்.

ஆல்பம் என்பது காலண்டர் மாதிரிகளைக் கோத்த கனமான புத்தகம். ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு நம்பர். ஆடிப் பதினெட்டு அன்று பூஜை போட்டு அடுத்த ஆண்டுக்கான ஆல்பத்தைத் திறப்பது எங்கள் ஊர் வழக்கம். அன்றைக்கே ஏஜென்டுகள் அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கடைகளுக்குப் போவார்கள். கடைக்காரர் ஒரு படத்தைத் தேர்ந்தெடுப்பார், அதன் கீழே அவர் கடைப் பெயர் அச்சாகும். ஆடிப் பதினெட்டைத் தவறவிட்ட ஆல்பத்தை யாரும் கையில் தொட மாட்டார்கள். அந்த வருடம் அவ்வளவுதான்.

அவள் ஆல்பத்தின் முதல் செட் பன்னிரண்டு தாள் மாதக் காலண்டர். ஜனவரியில் மலை உச்சி. அங்கிருந்து ஒரு சாலை இறங்குகிறது. டிசம்பரில் கடல். எல்லாம் எங்கள் ஊரிலிருந்து காரில் போய்வரும் தூரத்தில் இருக்கிற இடங்கள். இதைக் கேட்டதும் விருதுநகரிலிருந்து வருகிற ஏஜென்ட் அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தஞ்சாவூர் வரைக்கும் கடை கடையாக ஏறி இறங்குகிறவர் அவர்.

"மலை கேட்டா ஐஸ் மலை குடுக்கணும் தாயி. சுவிட்சர்லாந்து படம் எம்புட்டு அழகா இருக்கு! வீடு, மாடு, பூவு. இருவது வருசமா அதைத்தான் விக்கேன். ஒருத்தனும் போயிப் பாத்ததில்ல, ஒருத்தனும் கொறை சொன்னதுமில்ல."

"அதான் அண்ணாச்சி, நான் போயிப் பாக்கிற எடமா வைக்கேன்."

"வையி. மே மாசம் வரைக்கும் மலையும் தோப்பும் வரும். ஆகஸ்டுக்கு மேல பனையும் கடலும் வரும். நடுவுல ஜூன் ஜூலைக்கு என்னத்த வைப்ப? நம்ம கருவேலங்காட்டையா?"

"வைப்பேன்."

அவர் சிரித்தார். பிறகு வியாபாரக் குரலில் சொன்னார். "பன்னெண்டும் நல்லா இருந்தா மொத ஆர்டர் நான் எடுக்கேன். ஒரு தாளு சொத்தையா இருந்தாலும் செட்டே வேண்டாம். கடைக்காரன் அந்த ஒரு மாசம் பூரா அதைத்தானே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்?"

அவர் எடுத்தால் மற்ற ஏஜென்டுகளும் எடுப்பார்கள். எடுக்காவிட்டால் அவள் மறுபடி லேபிள் அடிக்கப் போக வேண்டும். இதை அவள் என்னிடம் வருத்தமாகச் சொல்லவில்லை. பஸ் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

ஆனி மூன்றாம் வாரத்தில் கிளம்பினோம்.

மேகமலையிலிருந்து சின்னமனூருக்கு இறங்குகிற சாலையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு பூவின் பெயரை எழுதிப் பலகை வைத்திருக்கிறார்கள். நான் வளைவின் பெயரை வாசிக்க, தங்கை "நிறுத்து" என்றோ "போ" என்றோ சொல்ல, புகைப்படக்காரர் இறங்கி ஏறினார். ஜன்னல் வழியே முதலில் தேயிலை வாசம் வந்தது, பிறகு ஈரமண், பிறகு சமவெளியின் சூடு. காதடைப்பு விடுவதற்குள் கீழே கம்பம் பள்ளத்தாக்கு நெல்வயலும் தென்னையுமாகத் தெரிந்தது. மேலிருந்து பார்த்தால் அந்தப் பச்சையில் நான்கைந்து வகை இருந்தது. வாழையின் பச்சை வேறு, நாற்றங்காலின் பச்சை வேறு.

சின்னமனூரில் டீக்கடையில் உட்கார்ந்து கேமராவின் திரையில் படங்களைப் பார்த்தோம். எல்லாம் நன்றாக இருந்தன. ஆனால் எல்லாவற்றிலும் நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. மலை இடதுபக்கம் விலகி நின்றது. மரம் வலதுபக்கம் ஒதுங்கி நின்றது.

"தம்பி, இதுல மாப்பிள்ளையும் பொண்ணும் எங்க?" என்று கேட்டாள் தங்கை.

அவர் திரையை உற்றுப் பார்த்தார். "ஆமா மதனி. கை அப்படியே பழகிருச்சு."

"நல்லதாப் போச்சு. அந்த எடத்தக் கீழ இறக்கிருங்க. கடைக்காரன் பேரு அங்கனதான் வரணும். அவருதான் நமக்கு மாப்பிள்ள."

அங்கிருந்து தேனி வரைக்கும் படங்கள் சரியாக விழுந்தன. வீரபாண்டியில் ஆற்றுத் தண்ணீரில் எருமைகள். ஒரு திராட்சைப் பந்தலுக்குள் பச்சைக் குழல்விளக்கு போட்டதுபோல வெளிச்சம். தங்கை வேலையினூடே எந்தப் படம் சுவருக்கு ஆகும், எது ஆகாது என்ற விதிகளை எங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். சூரியன் இறங்குகிற படத்தை யாரும் கடையில் மாட்ட மாட்டார்கள். இலையில்லாத மரம் கூடாது. ஆளில்லாத வீடு கூடாது. கவிழ்த்துப்போட்ட படகு கூடாது. எருமை கூட யோசனைதான், பசுவாக இருந்தால் நல்லது.

"எருமைக்கு என்ன கொறச்சல் மதனி?"

"எருமைக்கு ஒண்ணும் கொறச்சலில்ல. வெள்ளிக்கெழம கடை தெறக்கிறவனுக்குத்தான் கொறச்சல்."

பசுவுக்காக அரை மணி நேரம் காத்திருந்தோம்.

ஆண்டிபட்டிக் கணவாயில் காற்று காரை ஆட்டியது. அதோடு பச்சை முடிந்தது. இரண்டு பக்கமும் பாறை, நடுவில் சாலை. வானம் வெறும் வெளுப்பு. தங்கை படத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. அந்தப் பள்ளத்துல கம்ப்யூட்டர்ல தண்ணி வச்சுக்கலாம்" என்றாள்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. தாளின் அடியில் ஊர்ப் பெயரை எழுதப்போகிறவன் நான். ஆண்டிபட்டிக் கணவாய் என்று எழுதிவிட்டு அங்கே ஓர் ஆற்றை ஓடவிட முடியாது.

"அண்ணே, சிவகாசியில தண்ணி வைக்காத படமே கெடையாது. சாமி படத்துக்கே பின்னாடி அருவி வைக்கோம்."

"சாமி படத்துக்குக் கீழ ஊரு பேரு போட மாட்டீங்கள்ல?"

உசிலம்பட்டி வரும்வரை பேச்சு அதுதான். புகைப்படக்காரர் பின்சீட்டில் வாயைத் திறக்கவில்லை. கல்யாண ஆல்பங்களில் அவர் வைக்காத தண்ணீரா. கடைசியில் தங்கை இறங்கிவந்தாள்.

"செரி, சேக்கல. எடுக்கலாம்ல? கரண்டு கம்பி, குப்பை, பிளக்ஸ் போர்டு?"

எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பத்திரிகையில் தினமும் செய்ததுதான். படத்தின் ஓரத்தில் தேவையில்லாமல் நிற்கிற தோளையும் காலையும் வெட்டிவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவோம். இல்லாததைச் சேர்ப்பது பொய், இருப்பதை எடுப்பது சுத்தம் செய்வது. இப்படித்தான் அவளிடம் சொன்னேன். சொன்னபோது அது எனக்கு மிகத் தெளிவாக இருந்தது.

தே.கல்லுப்பட்டியில் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு எங்கள் மண். கரிசல் ஆனி வெயிலில் வெடித்துக் கிடந்தது. சிவகாசியைச் சுற்றிக்கொண்டு ஏழாயிரம்பண்ணைச் சாலையில் திரும்பியபோது மணி இரண்டரை. ஜூன் மாதத்துக்கு ஒரு படம் வேண்டும். ஜூலைக்குச் சாத்தூர் வெள்ளரிக்காய் இருக்கிறது, அது மறுநாள் வேலை. ஜூனுக்கு ஒன்றும் இல்லை.

ஒரு மணி நேரம் சுற்றினோம். அச்சங்குளம் வரை போய்த் திரும்பினோம். இந்த நிலத்தில் பிறந்து, பஸ்ஸில் ஆயிரம் தடவை இதே வழியில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனவன் நான். அன்றைக்குப் படம் தேடும்போதுதான் இங்கே கண்ணை நிறுத்த ஓர் இடம் இல்லை என்று தெரிந்தது. சீமைக்கருவேல மரங்கள். தூரத்தில் கம்பி வேலிக்குள் பட்டாசுக் கம்பெனிகள். ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய ஒற்றை அறைகள், வெள்ளையடித்தவை. ஓர் அறையில் விபத்து நடந்தால் அடுத்த அறைக்குப் பரவக் கூடாது என்பதற்காக விட்ட இடைவெளி. இடையிடையே வேம்பு. கம்பெனி வேன்கள் நிழல் தேடி நிற்கின்றன.

புகைப்படக்காரர் கேமராவை இறக்கிவிட்டார். "மதனி, இங்கன எதப் பாத்துச் சிரிங்கன்னு சொல்ல?"

தங்கை மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் நாங்கள் இறங்கிவந்த மலைப்பக்கமிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. அடியில் கருநீலம், விளிம்பில் செம்பு. பத்து நிமிடத்தில் அது பாதி வானத்தை எடுத்துக்கொண்டது. மேகத்தின் அடியில் கிடந்த நிலம் மட்டும் வெயிலில் மிச்சமிருந்தது. வெள்ளை அறைகள் சுண்ணாம்புக் கட்டிபோலப் பளிச்சென்று நின்றன. வேம்பு எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தது. முதல் மின்னல் மிகத் தொலைவில் சத்தமில்லாமல் வந்துபோனது.

சாலையிலிருந்து பார்க்கும் தூரத்தில் இருந்த கம்பெனிக்குள் ஒரு விசில் கேட்டது. மின்னல் கண்டால் வெடிமருந்து வேலையை நிறுத்திவிட்டு அறையை விட்டு வந்துவிட வேண்டும். எங்கள் பக்கத்துச் சட்டம் அது. வெயிலில் காயப்போட்டிருந்த சரக்கை இரண்டு பேர் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். ஒவ்வோர் அறையிலிருந்தும் பெண்கள் வெளியே வந்தார்கள். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு, வெறுங்கால். சாப்பாட்டுத் தூக்குகள் அறை வாசல்களிலும் செருப்புகள் தள்ளி ஒரு வேம்படியிலும் இருந்தன. அந்த வேம்பை நோக்கிக் குனிந்த தலையோடு வேகமாக வந்தார்கள். காற்று சேலைகளைப் பிடித்து ஒரே திசையில் இழுத்தது. சிவப்பு, மஞ்சள், வாடாமல்லி. பின்னால் அந்தக் கருநீலம்.

புகைப்படக்காரர் சாலையோரத்தில் ஒரு மைல்கல் மேல் ஏறி நின்று எடுத்துக்கொண்டே இருந்தார். சிரிக்கச் சொல்ல மறந்துவிட்டார்.

நோட்டில் நான் எழுதியது இது: ஏழாயிரம்பண்ணை அருகே. பிற்பகல் 3.40. மின்னல், வேலை நிறுத்தம். பெண்கள் அறைகளிலிருந்து வெளியேறுகிறார்கள்.

காரில் ஏறியதும் தங்கை திரையைப் பார்த்தாள். "இதுதான் ஜூன்" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னாள். "மேகந்தான் இடிக்குது."

எனக்குப் புரிந்தது. சிவகாசியில் மூன்று தொழில். பட்டாசு, தீப்பெட்டி, அச்சு. மூன்றுக்கும் ஆகாத ஒன்று மழை. பட்டாசு காயாது, தீக்குச்சி பிடிக்காது, காகிதம் ஈரம் குடித்து மெஷினில் நெளியும். மழையில்லாத ஊர் என்பதால்தான் இந்தத் தொழில்களே இங்கே வந்தன. எங்கள் ஊரில் மேகத்தைப் பார்த்தால் விவசாயியைத் தவிர வேறு யாரும் நல்ல வார்த்தை சொல்வதில்லை.

"மழை மேகத்தக் காசு குடுத்து எவன் சுவத்துல மாட்டுவான்? எடுத்துருவோம். எடுக்கலாம்னுதானே சொன்னீக?"

நான்தான் சொன்னேன். எடுக்கலாம் என்றேன்.

மறுநாள் விடியுமுன் கிளம்பி எட்டயபுரம், விளாத்திகுளம் வழியாக வேம்பார் போனோம். விளாத்திகுளம் தாண்டியதும் பனைகள் தொடங்கின. காற்றில் உப்பு கலந்தது. ஒரு கொட்டகை வாசலில் புதுக் கருப்பட்டியைப் பனைநார்ப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தவரை எடுத்தோம். அது அக்டோபர். பிறகு சாலை ஒரு மணல்மேட்டில் முடிந்தது. அதன் பின்னால் கடல்.

மேகமலையில் பனிக்குள் நின்றது முந்தின நாள் காலை. இப்போது காலடியில் அலை. இடையில் இருந்த தூரம் ஒரு நாளுக்குள் அடங்கிவிட்டது எனக்கு வியப்பாகத்தான் இருந்தது. தங்கைக்கு வியப்பெல்லாம் இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று, படகுக்காரர்களை வெளிச்சம் இருக்கிற பக்கமாக வரச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நாங்க மீனு பிடிக்கவா, உங்களுக்குப் படகு காட்டவா?" என்று கேட்டார் ஒருவர்.

"ரெண்டும் பண்ணுங்க அண்ணே. அடுத்த வருசம் ஐயாயிரம் கடையில நீங்கதான் டிசம்பரு."

அவர் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு படகைத் திருப்பினார். திரும்பும் வழியில் சாத்தூரில் வெள்ளரிக்காய்க் குவியலையும் அதன் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாளையும் எடுத்தோம். பன்னிரண்டும் கைக்கு வந்துவிட்டன.

அடுத்த மூன்று வாரம் தங்கை கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். கரண்டுக் கம்பிகள் போயின. ஆண்டிபட்டியில் ஒரு விளம்பரப் பலகை போயிற்று. ஏழாயிரம்பண்ணை மேகம் போயிற்று. எடுத்த இடம் சும்மா இருக்காதே; அங்கே ஒரு வானம் வேண்டும். புகைப்படக்காரரிடம் ஏராளமான வானங்கள் இருந்தன. கொடைக்கானலில் ஒரு புது ஜோடியின் தலைக்கு மேலிருந்த நல்ல நீலத்தை அனுப்பிவைத்தார். அது சேர்ப்பதில் வருமா எடுப்பதில் வருமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் வேலை தாளின் அடியில் வரும் ஒரு வரி. ஊர்ப் பெயர் மட்டும் போதும், எழுத்து கூடினால் கடைப் பெயருக்கு இடம் இருக்காது என்றாள். ஜூனுக்கு 'ஏழாயிரம்பண்ணை' என்று எழுதிக் கொடுத்தேன். அந்த ஒரு சொல்லில் தவறு ஏதும் இல்லை.

ஆடிப் பதினெட்டுக்கு ஐந்து நாள் முன்னால் அச்சுப் பிளேட் போட்டு மாதிரித் தாள்கள் அடித்தோம். பன்னிரண்டையும் வரிசையாகக் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். இடது கோடியில் மலை, வலது கோடியில் கடல். அவள் கணவர், என் மச்சான், மெஷினை நிறுத்திவிட்டு வந்து கையைத் துடைத்துக்கொண்டே பார்த்தார். "அருமை" என்றார். புகைப்படக்காரர் ஜூனைத் தன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டார். கொடைக்கானல் நீலம் உண்மையிலேயே பொருந்தியிருந்தது.

பைண்டிங்கில் வேலை செய்கிற அம்மா ஒருவர் தண்ணீர் குடிக்க வந்தார். ஐம்பது வயது இருக்கும். அச்சகத்துக்கு வருமுன் பட்டாசு வேலைக்குப் போனவர். மகள் இப்போதும் போகிறாள். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். கண் ஜூன் மாதத்துத் தாளில் இருந்தது.

"இது எந்தக் கம்பெனி தாயி?"

"ஏழாயிரம்பண்ணை பக்கம்க்கா. ஏன்?"

"என்னைக்கு வெடிச்சது?"

மச்சான் திரும்பித் தாளைப் பார்த்தார்.

"ஆளுகளுக்கு ஒண்ணும் ஆகலயே?" என்று கேட்டார் அவர். "பேப்பர்ல வந்ததையா எடுத்துப் போட்டிருக்கீக?"

நான் தாளைப் பார்த்தேன். அப்போதுதான் பார்த்தேன் என்று சொல்வதே சரி. தெளிந்த நீல வானம். மேகம் இல்லை, மின்னல் இல்லை, மழை வரும் என்பதற்கு ஓர் அடையாளம் இல்லை. அந்த வானத்தின் கீழ் பத்துப் பன்னிரண்டு பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு வெறுங்காலோடு பட்டாசு அறைகளை விட்டு வேகமாக வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண்கள் அப்படி வெளியே வருவதற்கு இரண்டே காரணங்கள் உண்டு. ஒன்று மின்னல். அதை நாங்கள் எடுத்துவிட்டோம். மிச்சம் இருந்தது மற்றொன்று.

நாளிதழில் அந்த மற்றொன்றின் படங்களுக்கு எத்தனை குறிப்பு எழுதியிருப்பேன் என்று எண்ணியதில்லை. எங்கள் பகுதியிலிருந்து படம் வந்தால் என் மேசைக்குத்தான் தள்ளுவார்கள், ஊர் தெரிந்தவன். அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவன் மூன்று வாரமாகப் பார்த்தும் பார்க்காததை, தண்ணீர் குடிக்க வந்தவர் பத்தடி தள்ளி நின்றே பார்த்துவிட்டார்.

"இல்லக்கா, வெடிக்கல" என்றாள் தங்கை. "மழை வந்துச்சு. வேலைய நிறுத்திட்டு வந்தாக. மேகத்த நாந்தான் அழிச்சேன்."

"மேகத்த எதுக்குத்தா அழிச்ச?"

தங்கை கிளிப்பைக் கழற்றி அந்தத் தாளை எடுத்து நான்காக மடித்தாள்.

மச்சான் மெதுவாகச் சொன்னார். "அஞ்சு நாளுதான் இருக்கு. வேற படம் ஏதாச்சும்... சாத்தூரு பக்கம் கோயிலு கீயிலு."

"வேற படம் வேண்டாம். இதே படந்தான். மேகத்தோட."

"அண்ணாச்சி மழையப் பாத்தா வேண்டாம்பாரு."

"சொல்லட்டும். வெடிச்ச படம்னு சொல்லக் கூடாதுல்ல? மழைப் படம்னு சொன்னா நான் பதில் சொல்லிக்கிருவேன்."

கொடைக்கானல் நீலத்துக்கு அடியில், கம்ப்யூட்டரில், பழைய வானம் அப்படியே இருந்தது. அன்று மாலைக்குள் அது வெளியே வந்தது. பிளேட்டுகளைப் புதிதாகப் போட்டார்கள். அதற்காக ஒரு லேபிள் ஆர்டரை ஒரு நாள் தள்ளினார்கள். நானும் என் வரியை மாற்றினேன். கடைப் பெயருக்கு இடம் குறையும் என்று அவள் சொல்லவில்லை. 'ஏழாயிரம்பண்ணை: மின்னல் கண்டு வேலையை நிறுத்தி வெளியே வருகிறவர்கள்.' நோட்டில் முதல் நாளே எழுதியிருந்ததுதான். அதைச் சுருக்கி ஒரே சொல்லாக்கி இருந்தேன், அவ்வளவே.

இரண்டாவது மாதிரித் தாளைத் தங்கை நேராகப் பைண்டிங் மேசைக்குக் கொண்டுபோய் விரித்தாள். அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வோர் அறையாகப் பார்த்தார்.

"கதவெல்லாம் தெறந்து கெடக்கு. சரக்க மூடிட்டாக." விரல் நகர்ந்தது. "இந்தா கடைசியா வர்றாளே, இவ கையில என்ன?"

தங்கை குனிந்து பார்த்தாள். "தூக்குவாளிக்கா."

"அப்பச் செரி" என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றினார். "பயந்து ஓடுறவ தூக்குவாளிய நின்னு எடுக்க மாட்டா."

ஆடிப் பதினெட்டு அன்று பூஜை முடிந்து கேசரி கொடுத்தார்கள். ஏஜென்ட் அண்ணாச்சி நெற்றியில் சந்தனத்தோடு உட்கார்ந்து ஆல்பத்தைத் திறந்தார். ஜனவரியில் பனிக்குள் தேயிலை. தலையை ஆட்டினார். மார்ச்சில் பசு. "லட்சணம்" என்றார். தண்ணீர் வைக்காத ஆண்டிபட்டிக் கணவாயைக் கொஞ்சம் யோசித்துத் திருப்பினார். ஜூன் வந்தது.

"ஏத்தா, சிவகாசிக்காரி போயி மழைய வச்சிருக்க?"

"நீங்க தஞ்சாவூர்லதானே அண்ணாச்சி விக்கப்போறீக? ஜூன் மாசம் மேகத்தப் பாத்தா அங்க என்ன செய்வாக?"

"கும்பிடுவான்" என்றார் அவர், பிடிபட்டவர்போல. ஆனால் கண்ணைத் தாளிலிருந்து எடுக்கவில்லை. அடியில் இருந்த வரியை வாசித்தார். அவரும் இந்த ஊர்ப் பக்கத்துக்காரர்தானே. மறுபடி படத்தைப் பார்த்தார். ஆல்பத்தைத் தூக்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எல்லாரும் வந்துட்டாகளா?" என்று கேட்டார். வியாபாரக் குரல் இல்லை அது.

"வந்துட்டாக அண்ணாச்சி. கடைசி ஆளு கையில தூக்குவாளி இருக்கு, பாருங்க."

அவர் விரலால் தேடினார். சிவப்புச் சேலையைத் தாண்டி, வேம்பைத் தாண்டி, கொஞ்ச நேரம் ஆயிற்று. விரல் ஓர் இடத்தில் நின்றது. பிறகு மிச்ச ஆறு தாள்களையும் கடல் வரைக்கும் திருப்பிப் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"செட்டு நம்பர் என்னன்னு சொன்ன?"

"ஒண்ணு" என்றாள் தங்கை.